பிளாட்டர் பேசுகிறது, பைலட்டுக்குக் கேட்கவில்லை

கேள்வி: ஆயர் தாவாரில் இருக்கிறேன். லூமுட்டில் கட்டி வைத்திருக்கும் 28 அடிப் பாய்மரப் படகில் பழைய ஆட்டோஹெல்ம் எஸ்டி4000 பிளஸ் ஆட்டோபைலட் உண்டு. திசை கொடுத்து விட்டால் நன்றாகப் பிடித்துக்கொண்டு போகிறது. போன மாதம் ஒரு பழைய கார்மின் சார்ட்பிளாட்டர் (ஜிபிஎஸ் வைத்துக் கடல் வரைபடத்தில் படகைக் காட்டும் திரை) வாங்கி மாட்டினேன். இரண்டும் ஒரே பேட்டரியில் ஓடுவதால் எர்த் பொதுதானே என்று, பிளாட்டரின் நீல ஒயரை மட்டும் பைலட்டின் என்எம்இஏ பிளஸ்ஸில் கொடுத்தேன். பிளாட்டர் காட்டும் வழியில் போகச் சொல்லும் டிராக் பட்டனை அமுக்கினால் 'நோ டேட்டா' என்று வருகிறது. நடுவில் மொழி மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். இரண்டும் என்எம்இஏ 0183, அதாவது படகுக் கருவிகள் தகவல் பரிமாறும் பொது மொழி, பேசுகிற கருவிகள்தான். உங்கள் இணைப்பில் ஒரு ஒயர் குறைகிறது, அவ்வளவுதான்.

எர்த் பொது என்ற கணக்கு விளக்குக்கும் பம்புக்கும் சரி. இங்கே செல்லாது. என்எம்இஏ 0183 விதிப்படி, கேட்கிற கருவியின் உள்ளீடு மற்ற மின்சுற்றிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். அதற்காக உள்ளே ஆப்டோ ஐசொலேட்டர் என்ற அரிசியளவுச் சில்லு இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் குட்டி எல்இடி, மறுபக்கத்தில் அந்த ஒளியைப் பார்க்கும் உணரி. பிளாட்டர் அனுப்பும் ஒவ்வொரு துடிப்புக்கும் எல்இடி மினுக்க வேண்டும். அது மினுக்க, பிளஸ்ஸில் நுழைந்த மின்சாரம் மைனஸ் வழியாக வெளியேற வேண்டும். அந்த மைனஸ் பேட்டரியின் மைனஸோடு உள்ளே சேர்ந்திருக்காது. நீங்கள் அதை வெறுமனே விட்டிருப்பதால் எல்இடி ஒருமுறைகூட எரியவில்லை. பைலட்டைப் பொறுத்தவரை பிளாட்டர் என்ற ஒன்றே படகில் இல்லை.

இப்போது பிளாட்டரின் கேபிளைப் பாருங்கள். சிவப்பு, கறுப்பு, நீலம், பழுப்பு என்று நான்கு ஒயர் மட்டும் இருந்தால், நீலம் பைலட்டின் என்எம்இஏ பிளஸ்ஸுக்கு. பிளாட்டரின் கறுப்பிலிருந்து ஒரு கிளை எடுத்து என்எம்இஏ மைனஸுக்கு. சாம்பல், ஊதா நிற ஒயர்களும் இருந்தால் அது இரட்டை ஒயரில் அனுப்பும் வகை: நீலம் பிளஸ்ஸுக்கு, சாம்பல் மைனஸுக்கு. இந்த வகையில் சாம்பல் ஒயரை எர்த்தில் கொடுத்துவிடாதீர்கள். அனுப்புகிற சுற்று ஷார்ட் ஆகிச் சூடாகும், கெட்டும் போகலாம். பழுப்பும் ஊதாவும் பிளாட்டர் கேட்பதற்கான ஒயர்கள். நுனியைத் தனித்தனியாக மூடி ஒதுக்கிவிடுங்கள்.

பைலட்டின் பின்னால் சிவப்பு, மஞ்சள், ஷீல்டு (சுற்றியுள்ள உலோகப் பின்னல்) என்று மூன்று இழை கொண்ட இன்னொரு கேபிளையும் பார்ப்பீர்கள். அது சீடாக், ஆட்டோஹெல்மின் சொந்த இணைப்பு. வேகம் ஒன்றாக இருந்தாலும் அதன் பேச்சுமுறை வேறு. மஞ்சளில் நீலத்தைக் கொடுத்தால் வேலை செய்யாது, கருவிக்கும் ஆபத்து.

ஒயருக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் முறுக்கிய இரட்டை இழை, ஷீல்டு போட்டது போதும். ஈயம் பூசிய செம்பாக இருக்க வேண்டும். ஊர்க் கடையில் கிடைக்கிற கார் ஒயர் வெறும் செம்பு. உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஜாயிண்டுகளுக்குக் கறுப்பு டேப் சுற்றாதீர்கள், உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போடுங்கள். பிளாட்டரையும் அதன் ஒயர்களையும் பைலட்டின் பிளக்ஸ்கேட் காம்பஸிலிருந்து (அதன் மின்னணுத் திசைகாட்டி) ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

அடுத்தது பிளாட்டரின் அமைப்பு. போர்ட்டை சாதாரண என்எம்இஏ 0183க்கு மாற்றுங்கள், வேகம் 4800. 'ஹை ஸ்பீட்' என்பது 38400. அது சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ்ஸுக்கு உரியது. வெளியே அனுப்பும் வாக்கியங்களில் (என்எம்இஏ தகவல் வரிகளை அப்படித்தான் சொல்வார்கள்) 'ரூட்' வகை இருக்கட்டும். ஆழம் அளக்கும் சவுண்டரின் வாக்கியங்களையும் கார்மினின் சொந்த வாக்கியங்களையும் நிறுத்துங்கள். காரணம் இருக்கிறது: 4800 வேகத்தில் நொடிக்கு 480 எழுத்துதான் போகும். ஒரு வாக்கியம் 82 எழுத்து வரை நீளலாம். அப்படியானால் நொடிக்கு ஆறு முழு வாக்கியம்கூடப் போகாது. தேவையில்லாதவை வழியை அடைத்தால், போகும் திசையையும் விலகலையும் சொல்லும், பைலட்டுக்கு வேண்டிய ஏபிபி, ஆர்எம்பி வாக்கியங்கள் பிந்தும். வேபாயிண்டுகளுக்கு (வழியில் குறித்து வைக்கும் புள்ளிகளுக்கு) 'பங்கோர் தெற்கு முனை' போன்ற நீண்ட பெயர் வேண்டாம். 01, 02 என்று எண் வையுங்கள். நீண்ட பெயரைப் பழைய கருவிகள் எல்லாம் சரியாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒயரைச் சரி செய்த பிறகும் பலர் ஏமாறுவது இங்கேதான்: போகும் இடம் ஒன்றைத் தேர்ந்து 'கோ டூ' கொடுக்காத வரை, பைலட் பின்தொடர எதுவும் கிடைக்காது. திரையில் வரைபடமும் படகும் தெரிந்தால் மட்டும் போதாது. கரையில் கட்டியபடியே சோதிக்க, ஒரு கடல் மைல் தள்ளி ஒரு புள்ளியை வைத்து 'கோ டூ' அமுக்குங்கள். பிறகுதான் டிராக்.

அப்போதும் 'நோ டேட்டா' வந்தால், எந்தப் பக்கம் குறை என்று பிரித்துப் பாருங்கள். ஒரு லேப்டாப், ஒரு யுஎஸ்பி சீரியல் கேபிள் போதும். ஒன்பது முள் தலை உள்ள ஆர்எஸ்232 வகை வாங்குங்கள். நீல ஒயர் 2ஆம் முள்ளுக்கு, எர்த் 5ஆம் முள்ளுக்கு. டெர்மினல் புரோகிராமில் 4800, 8 பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். டாலர் குறியோடு தொடங்கும் வரிகள் ஓட வேண்டும், அவற்றில் ஏபிபியோ ஆர்எம்பியோ இருக்க வேண்டும். எதுவுமே வராவிட்டால் பிளாட்டர் அமைப்பில் கோளாறு. கிறுக்கல் எழுத்து வந்தால் வேகமோ ஒயரின் முனையோ மாறியிருக்கிறது. வரிகள் சுத்தமாக ஓடியும் பைலட் ஏற்கவில்லை என்றால், அதன் பின்பக்க முனைகளில் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். பழைய படகுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் அது.

வடக்கு விஷயத்தில், இரு கருவிகளையும் காந்த வடக்கிலேயே வையுங்கள். மலாக்கா நீரிணையில் உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை, அதனால் ஒன்றை உண்மை வடக்கிலும் மற்றதைக் காந்த வடக்கிலும் வைத்த பிழை இங்கே கண்ணில் படாது. ஆகவே படகு பிளாட்டர் காட்டும் வழிக்கோட்டுக்கு ஒரே பக்கமாகத் தள்ளிப் போனால் நீரோட்டத்தைப் பாருங்கள், காம்பஸ் அருகே ஸ்பீக்கரோ இரும்போ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புலாவ் செம்பிலான் பக்கம் முதல் ஓட்டம் விடும்போது, பங்கோர் பெர்ரி ஓடும் கால்வாயைத் தாண்டும் வரை சுக்கானைக் கையிலேயே வைத்திருங்கள். திறந்த கடலில், கோட்டிலிருந்து 0.1 கடல் மைலுக்குள், அதாவது 185 மீட்டருக்குள் வந்த பிறகு டிராக் கொடுங்கள். விலகல் 0.3 மைலைத் தாண்டினால் அலாரம் அடிக்கும். வேபாயிண்டை மிதவையின் மேலேயோ பாறையின் மேலேயோ வைக்கவே வைக்காதீர்கள். ஜிபிஎஸ் நேராக அதன் மேலேயே கொண்டுபோய் நிறுத்தும். ஒரு புள்ளியை அடைந்ததும் பைலட் கூவி, அடுத்த திசையைக் காட்டிக் காத்திருக்கும். அந்தப் பக்கம் வலையோ படகோ இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி டிராக்கை அமுக்குங்கள், அப்போதுதான் திரும்பும்.

கன்வெர்ட்டர் தேவைப்படுவது பிளாட்டரில் என்எம்இஏ 2000 என்ற வேறு பேச்சுமுறை மட்டும் இருக்கும்போது. நாளைக்கு அப்படி ஒன்றுக்கு மாறினால், ஆக்டிசென்ஸ் என்ஜிடபிள்யூ-1 போன்ற ஒன்றை நடுவில் வையுங்கள். அந்த என்எம்இஏ 2000 இணைப்பின் இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இரண்டு டேட்டா ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை.