‘ஹிஸ்டரிதானே கிடைத்தது?’

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். சின்னக் கல்லூரி. துறையில் ஆசிரியர்களே நான்கைந்து பேர்தான், அதிலும் பாதி கௌரவ விரிவுரையாளர்கள். ‘வேறு எதுவும் கிடைக்காதவர்கள் போகிற பாடமாயிற்றே’ என்கிறார் என் அண்ணன். ‘ஹிஸ்டரிதானே கிடைத்தது?’ என்று சிரிக்கிறார் மைத்துனர். கடன் வாங்கியாவது தனியார் கல்லூரியில் பி.பி.ஏ. சேர்த்துவிடலாமா? அல்லது டி.என்.பி.எஸ்.சி.க்காவது வரலாறு உதவுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மகள் ஒரு வரியில் வந்து போகிறாள். அண்ணனும் மைத்துனரும்தான் அதிகம் பேசுகிறார்கள். கடனைக் கட்டப்போவது அவர்கள் இல்லை.

பி.பி.ஏ. வேண்டாம். அந்தப் படிப்பு மட்டம் என்று சொல்லவில்லை. கேட்காத பிள்ளைக்குக் கடன் வாங்கிப் பட்டம் வாங்கித் தருவது வீண் வேலை, அவ்வளவுதான். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அதை முதலில் விசாரியுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. விஷயத்தில் உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குரூப் 1க்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். குரூப் 2விலும் பெரும்பாலான பதவிகளுக்கு அப்படியே. அங்கே வரலாறு கேள்வித்தாளில் ஒரு பகுதி. அந்த ஒரு பகுதிக்காக மூன்று வருடம் கொடுக்க வேண்டியதில்லை. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மதிப்பெண் உண்டு. ஆனால் கைடு படித்தவர்களை அது முதல் பக்கத்திலேயே கழித்துவிடும்.

வேலை? பி.ஏ. சான்றிதழை மட்டும் பார்த்து யாரும் கூப்பிட மாட்டார்கள். பி.எட். முடித்து டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் தேறினால் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம். எம்.ஏ., பி.எட். இருந்தால் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழியாக மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர். எம்.ஏ.வோடு நெட் அல்லது செட் என்கிற விரிவுரையாளர் தகுதித் தேர்வும் தேறினால் கல்லூரி. முதுகலைக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறையின் நிறுவனத்தில் தொல்லியல், கல்வெட்டியலில் இரண்டு வருட முதுநிலை டிப்ளமோவும் இருக்கிறது. எல்லாமே நீளமான வரிசைகள். நீங்கள் குறையாகச் சொன்ன கௌரவ விரிவுரையாளர்களும் அந்த வரிசையில் நிற்பவர்கள்தான். பலர் தகுதியை எல்லாம் முடித்துவிட்டு நிரந்தரப் பணிக்காகக் காத்திருக்கிறவர்கள். வகுப்பில் உயிரைக் கொடுத்து நடத்துகிறவர்கள் பல இடங்களில் இவர்களே.

சரி, கல்லூரி சின்னது என்பதற்கு வருவோம். கெடுதல் அதில் இல்லை. செமஸ்டருக்கு முதல் நாள் இரவு ‘முக்கிய வினாக்கள்’ ஜெராக்ஸைப் புரட்டி, ‘சோழர்களின் உள்ளாட்சி முறையை விவரி’ என்பதற்கு இரண்டு பக்கம் நிரப்பி, குடவோலை, உத்திரமேரூர், உலகின் ஆதி ஜனநாயகம் என்று எழுதிவிட்டு வருகிறார்களே, அதில்தான் கெடுதல். பெரிய நகரத்தின் பேர்பெற்ற கல்லூரியிலும் இதே ஜெராக்ஸ் ஓடுகிறது.

அதே உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளுங்கள். வைகுண்டப் பெருமாள் கோயிலில் சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன: 919, 921. பிந்தையதை உங்கள் மகள் உட்கார்ந்து வாசிக்கட்டும். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கக் குடத்தில் போடும் ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இறை, அதாவது வரி, கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். மந்திரப் பிராமணம் என்கிற வேதப் பகுதி தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (விளக்கவுரையும்) அறிந்தவருக்கு நிலத்தில் சலுகை, அரைக்கால் வேலி போதும். இது ஒரு சதுர்வேதிமங்கலத்துச் சபை, அதாவது பிராமணர் ஊரின் சபை. அந்த நிலத்தில் உழுதவனுக்கோ, எந்தப் பெண்ணுக்கோ குடத்தில் ஓலை கிடையாது. அதே கல்லில் இன்னொரு விதியும் இருக்கிறது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களும் போட்டியிட முடியாது. இன்று எந்தக் கட்சியும் ஒத்துக்கொள்ளாத சட்டம்! ‘ஜனநாயகம்’ என்று மார்தட்டுவதும் தப்பு, ‘வெறும் மேட்டுக்குடிச் சபை’ என்று தள்ளிவிடுவதும் தப்பு என்பது கல்லை வாசித்தவளுக்குத்தான் தெரியும். பட்டம் வாங்குவது இதற்காகத்தான்.

இன்னொரு படி மேலே போனால் சண்டையே தொடங்கும். சோழ அரசு வலுவான அதிகாரிகளைக் கொண்ட மையப்பட்ட பேரரசு என்றார் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி. காவிரிப் படுகையைத் தாண்டினால் ராஜாவின் பிடி பெயரளவுக்குத்தான், ‘நாடு’ எனப்பட்ட உள்ளூர் வட்டாரங்கள் தங்களைத் தாங்களே நடத்திக்கொண்டன என்றார் அமெரிக்கரான பர்ட்டன் ஸ்டைன். ஜப்பானிலிருந்து வந்து தமிழ் கற்ற நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும், கல்வெட்டுகளில் வரும் பட்டப்பெயர்களையும் வரிகளையும் நில உரிமைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து ஸ்டைனை மறுத்தார்கள். ராஜராஜன் என்றதும் விசிலடிக்கிற ஊரில், இந்த எண்ணிப்பார்க்கும் பழக்கம் கொஞ்சம் பரவினால் நல்லது.

கவனியுங்கள், கராஷிமா கடல் தாண்டி வந்து கற்ற மொழி உங்கள் மகளுக்கு வீட்டிலேயே கிடைத்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890லிருந்து அச்சாகி வருகின்றன. பல தொகுதிகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தமிழ்வழியில் படித்த பெண் அவற்றின் மூலத்தை முதல் வருடத்திலேயே எழுத்துக் கூட்டித் தொடங்கிவிடலாம். ஆனால் அந்த மூலத்தைப் பற்றி நடந்த விவாதத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. இதை மழுப்ப முடியாது. சின்னக் கல்லூரி மாணவர்கள் முதுகலையில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். பேசத் தெரியாவிட்டால் பரவாயில்லை. தினமும் நான்கு பக்கமாவது ஆங்கிலத்தில் வரலாறு வாசித்தே ஆகவேண்டும், அகராதியை மடியில் வைத்துக்கொண்டாவது.

விடுமுறையில் ஒரு தடவை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துப் போங்கள். 1909இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீசாகத் தொடங்கியது. 1670ஆம் வருடத்துக் காகிதம்கூட அங்கே இருக்கிறது. பழைய ஆவணங்களைப் பார்க்க முன் அனுமதி வேண்டும். துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிப் போகட்டும். அங்கே என்ன கிடைக்கிறது, எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை இளங்கலையிலேயே தெரிந்துகொண்டால், பின்னால் ஆய்வுக்குப் போகும்போது திணற மாட்டாள்.

கட்டணம் கட்டப் போகும் நாளில் துறைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் மூன்று வருடமும் அவரை விடக்கூடாது என்று மகளிடம் சொல்லுங்கள். இல்லை என்றால் பக்கத்திலுள்ள தமிழ்த் துறையில் விசாரியுங்கள். பல கல்லூரிகளில் அந்த ஆள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.