ஓரம் பிரியும் லேமினேட், சிதறும் தமிழ்

கேள்வி: அலுவலக அறிவிப்புகளை நான்தான் லேமினேட் செய்கிறேன். பேன்ட்ரி சிங்க் மேலே ஒட்டியது இரண்டே வாரத்தில் ஓரம் பிரிந்து, உள்ளே ஈரம் ஏறிவிட்டது. சிலவற்றில் வெள்ளைத் திட்டுகள். நான்கு மொழித் தாளில் தமிழ் மட்டும் சிதறியிருந்ததை ஒட்டிய பிறகுதான் பார்த்தேன். என்ன செய்யலாம்?
– வாசகி, ஜூரோங் ஈஸ்ட்

பதில்: ஓரம் பிரியக் காரணம் பெரும்பாலும் கத்தரிக்கோல்தான். ஏ4 தாள் 210 x 297 மில்லிமீட்டர்; அதை உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் உறையான பவுச் 216 x 303. சுற்றிலும் இருக்கும் அந்த 3 மில்லிமீட்டரில்தான் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் ஒட்டி மூடிக்கொள்கிறது. அழகுக்காகத் தாளின் விளிம்போடு வெட்டினால் காகிதம் வெளியே தெரியும். திரி எண்ணெயை இழுப்பதுபோலத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சின்ன அட்டைகள் வேண்டுமென்றால் தாளை முதலில் வெட்டி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பவுச்சுக்குள் அடுக்கி லேமினேட் செய்யுங்கள்; பிறகு இடைவெளியின் நடுவில் வெட்டுங்கள். தொங்கவிட ஓட்டை போடுவதும் இப்படியே: தாளில் முன்பே பெரிய ஓட்டை, லேமினேட் ஆனதும் அதன் நடுவே சின்ன ஓட்டை.

வெள்ளைத் திட்டு என்றால் சூடு போதாமல் பசை சரியாக உருகவில்லை. 125 மைக்ரான் தடிமனுள்ள பவுச்சை, இயந்திரத்தை 80 மைக்ரான் அளவில் வைத்து ஓட்டினால் இப்படித்தான் வரும். பச்சை விளக்கு எரிந்த பிறகும் சில நிமிடம் பொறுங்கள். திட்டு விழுந்த தாளை இன்னொரு முறை உள்ளே விட்டாலே பல நேரம் தெளிந்துவிடும். தாள் அலை அலையாக நெளிந்தால் சூடு அதிகம். எப்போதும் பவுச்சின் மூடிய பக்கம்தான் முதலில் உள்ளே போக வேண்டும்.

குமிழ்கள் வந்தால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். வார இறுதியில் ஏர்கான் நின்றதும் பிரிண்டர் தட்டில் கிடக்கும் தாள் நம்மூர்க் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். சூட்டில் அது ஆவியாகிக் குமிழாகிறது. திங்கட்கிழமை புதுக் கட்டிலிருந்து தாள் எடுங்கள். இங்க்ஜெட்டில் அச்சிட்டதை ஒரு ராத்திரி உலர விடுங்கள்.

இனி தமிழ். ‘கைகளைக் கழுவவும்’ என்பதில் ஐகாரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றிருக்கும், இல்லையா? தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதன் விளைவு அது. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் போன்றவற்றில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேர்டில் லதா அல்லது நிர்மலா யூஐ எழுத்துரு போதும். அனுப்பும்போது எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். ஆங்கில வரியின் அகலத்துக்குள் தமிழை நெருக்காதீர்கள். மேலே புள்ளிக்கும் கீழே உகரச் சுழிக்கும் இடம் வேண்டும்.

லேமினேட் செய்துவிட்டால் திருத்த வழியில்லை. அதனால் அச்சிட்ட தாளையே, திரையை அல்ல, தமிழ் படிக்கும் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நம் மொழி பிழையோடு சுவரில் தொங்குவதைவிட அறிவிப்பு ஒரு நாள் தாமதமாவது மேல்.

சிங்க் மேலே ஒட்டும்முன் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து உலர விடுங்கள். இருபக்க டேப்பை நான்கு மூலையில் மட்டுமல்ல, சுற்றிலும் முழுதாக ஒட்டுங்கள்.