பழைய ராணுவத் துப்பாக்கிகள்: விலை ஏன் ஏறுகிறது?

அமெரிக்காவில் சேகரிப்பாளர்களிடையே பழைய ராணுவத் துப்பாக்கிகளின் விலை ஏறிவருவது பற்றி இந்த இதழுக்குப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த ரஷ்ய மோசின்-நாகந்த் துப்பாக்கியை இன்று நானூறு டாலர் சொல்கிறார்களே, அப்படி அதில் என்ன மாறிவிட்டது?
– கோயம்புத்தூர் வாசகர்

துப்பாக்கியில் எதுவும் மாறவில்லை. அது அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த வழிதான் அடைபட்டுவிட்டது.

மோசின்-நாகந்த் 1891இல் ரஷ்யப் பேரரசின் படைக்காக ஏற்கப்பட்டது. துலா, இஷெவ்ஸ்க் ஆகிய ஊர்களின் ஆயுதச் சாலைகள் சோவியத் காலத்திலும் அதைத் தொடர்ந்து செய்தன. எல்லா வகைகளையும் சேர்த்து ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் துப்பாக்கிகள் செய்யப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் ராணுவம் அவற்றைப் பழுதுபார்த்து, காஸ்மோலின் என்னும் கெட்டியான மசகில் தோய்த்து, பெட்டிபெட்டியாகக் கிடங்குகளில் அடுக்கி வைத்தது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு ரஷ்யாவிலும் உக்ரைனிலும் இருந்த அந்தக் கிடங்குகள் திறந்தன. அமெரிக்க இறக்குமதியாளர்கள் அவற்றை மொத்தமாக வாங்கிக் குவித்ததால், விளையாட்டுப் பொருள் கடைகளில்கூட அவை நூறு டாலருக்குக் கிடைத்தன. தோட்டாவும் அதேபோல் மலிவாக இருந்தது. 440 தோட்டாக்கள் அடைத்த தகரப் பெட்டி ஒன்றை நூறு டாலருக்குள் வாங்க முடிந்தது.

இந்த மலிவு என்றும் நிற்கும் என்று அன்று பலர் நினைத்தார்கள். ஆனால் 2014இலிருந்து உக்ரைன் போரில் சிக்கியது. ரஷ்ய ஆயுத நிறுவனங்கள் மீது தடைகள் வந்தன. 2021இல் அமெரிக்கா ரஷ்யத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் புதிய இறக்குமதி அனுமதி தருவதை நிறுத்தியது. புதிய வரத்து நின்றுவிட்ட நிலையில், ஏற்கெனவே நாட்டுக்குள் வந்தவை மட்டுமே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் சாதாரணமான ஒரு மோசின் இன்று 300 முதல் 500 டாலர் வரை விலை போகிறது.

சீனாவில் செய்யப்பட்ட எஸ்.கே.எஸ். துப்பாக்கியின் கதையும் இதுவே. 1990களின் தொடக்கத்தில் அது நூறு டாலர் அளவில் விற்றது. 1994இல் கிளிண்டன் அரசு சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்த பிறகு அதன் விலை கீழே இறங்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் வழியை அடைத்தது ஓர் அரசாணைதான். இதைப் புரிந்துகொள்ளாமல், துப்பாக்கியின் தரம் உயர்ந்ததால் விலை உயர்ந்தது என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

கேள்வி: ராணுவத் துப்பாக்கிகளை அமெரிக்கா முதலில் எப்படிப் பொதுமக்களுக்கு விற்க விட்டது?
– மதுரை வாசகர்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகளின் படைகள் தானியங்கி ஆயுதங்களுக்கு மாறின. ஒவ்வொரு முறையும் போல்ட் என்னும் தாழ்ப்பாள் போன்ற பாகத்தைக் கையால் இழுத்துச் சுடவேண்டிய பழைய துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் மிஞ்சின. அவற்றை வாங்கி அமெரிக்காவில் விற்ற வணிகர்களில் முதன்மையானவர் சாமுவேல் கம்மிங்ஸ். அவருடைய இன்டர்ஆர்ம்ஸ் நிறுவனம் விர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரில் பெரும் கிடங்குகளை வைத்திருந்தது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் துப்பாக்கி தபாலில் வீட்டுக்கு வந்துவிடும் காலம் அது.

அப்படித் தபாலில் வந்த ஒன்றுதான் 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியைக் கொன்றது. சிகாகோவின் ஒரு கடையிலிருந்து, தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட்டுக்கு, போலிப் பெயரில் கொலையாளி ஆஸ்வால்டு வாங்கிய இத்தாலியக் கார்கானோ துப்பாக்கி அது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி விற்பதையும் ராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் நிறுத்தியது. 1984இல் சட்டம் திருத்தப்பட்டு, சேகரிப்புக்குரிய பழம்பொருட்கள் என்று ஏற்கப்பட்ட துப்பாக்கிகளுக்கு மட்டும் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. சேகரிப்பாளர்கள் பொற்காலம் என்று நினைவுகூரும் ஆண்டுகள் அதன்பின் வந்தவை.

கேள்வி: ஒரே வகைத் துப்பாக்கி ஒரு இடத்தில் 600 டாலர், இன்னொரு இடத்தில் 3,000 டாலர் என்கிறார்கள். இதற்கு என்ன கணக்கு?
– சிங்கப்பூர் வாசகர்

சேகரிப்பாளர் பணம் கொடுப்பது பெரும்பாலும் இரும்புக்கும் மரத்துக்கும் அல்ல, அவற்றில் எஞ்சியிருக்கும் சான்றுகளுக்கு.

ஜெர்மானிய மவுசர் கே98கே துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ஆலையிலிருந்து வெளிவந்தபோது அதன் குழல், போல்ட், சிறு உதிரிகள் எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண் பொறிக்கப்பட்டிருந்தது. போரில் செஞ்சேனை கைப்பற்றிய மவுசர்களைப் பிற்காலத்தில் சோவியத் பட்டறைகள் மொத்தமாகக் கழற்றிச் சுத்தம் செய்து, கையில் கிடைத்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டின. அந்தப் பாகங்களில் எண்களை உலோகத்தில் கீறும் மின்பேனாவால் புதிதாக எழுதின. நாஜி முத்திரைகளையும் பெரும்பாலும் அடித்துச் சிதைத்தன. இவைதான் குறைந்த விலைக்குப் போகின்றன. ஓர் அமெரிக்கச் சிப்பாய் போர் முடிந்து ஊர் திரும்பும்போது கொண்டுவந்த, எல்லா எண்களும் ஒத்துப்போகிற, மேலதிகாரி கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டும் கூடவே இருக்கிற மவுசருக்குப் பல மடங்கு விலை உண்டு.

ஜப்பானிய அரிசாகா துப்பாக்கிகளில் பேரரசரின் செவ்வந்திப் பூச் சின்னம் பொறிக்கப்பட்டிருக்கும். 1945இல் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்டவற்றில் அந்தச் சின்னத்தைத் தேய்த்து அழித்துவிட்டார்கள். அழியாமல் இருப்பது போர்க்களத்திலேயே கைப்பற்றப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதற்கு மதிப்புக் கூடுதல். ஸ்விட்சர்லாந்தின் கே31 துப்பாக்கிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. தோளில் பதியும் மரக்கட்டையின் முனையில் உள்ள இரும்புத் தகட்டைக் கழற்றினால், அந்தத் துப்பாக்கியை வைத்திருந்த படைவீரரின் பெயரும் ஊரும் எழுதிய சிறு சீட்டு சிலவற்றில் இன்னும் இருக்கும். 2000களின் தொடக்கத்தில் நூற்றைம்பது டாலர் அளவில் கிடைத்த அந்தத் துப்பாக்கி இன்று 500 டாலருக்கு மேல் போகிறது.

விலை ஏறியதால் விளைந்த பெரிய தீமையும் இங்கேதான் இருக்கிறது. நூறு டாலர் துப்பாக்கியைப் போலியாக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். மூவாயிரம் டாலர் என்றால், பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிப்பதற்கும், சிப்பாய் கொண்டுவந்தது போலக் காட்ட இறக்குமதியாளரின் முத்திரையை அழிப்பதற்கும், பொய் அனுமதிச் சீட்டு தயாரிப்பதற்கும் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். அவ்வாறு ஒருமுறை தேய்க்கப்பட்ட சான்றைப் பிறகு யாராலும் மீட்க முடியாது. எண்பது ஆண்டுகள் தாங்கிய ஒரு வரலாற்றுப் பொருளை லாபத்துக்காகப் பொய் சொல்ல வைப்பதை நான் சிறிய குற்றமாகக் கருதவில்லை.

கேள்வி: எச்1பி விசாவில் டெக்சாஸில் வேலை செய்கிறேன். பழைய துப்பாக்கி ஒன்று வாங்கிச் சேகரிக்கத் தொடங்கலாமா?
– டாலஸ் வாசகர்

அவசரப்பட வேண்டாம். எச்1பி போன்ற, குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உள்ளன; ஆனால் அவற்றை நம்பி இறங்குமுன் வழக்கறிஞரிடம் கேட்டாக வேண்டும். தவறினால் துப்பாக்கியோடு விசாவும் போகும். நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

தகுதியுள்ளவர்களுக்குச் சேகரிப்பாளர் உரிமம் என்று ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு 30 டாலர் கட்டணம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மாற்றப்படாத துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ள அது வழிசெய்கிறது. வாங்கியதையும் விற்றதையும் பதிவேட்டில் எழுதிவர வேண்டும். வியாபாரம் செய்யக் கூடாது. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் கூடுதல் கட்டுப்பாடுகள் உள்ளன. அமெரிக்க ராணுவத்தின் எம்1 கராண்ட் துப்பாக்கியை விற்கும் பொதுமக்கள் குறிபார்ப்புத் திட்டம் என்ற அமைப்போ குடிமக்களுக்கு மட்டுமே விற்கிறது. 2010 வாக்கில் அங்கே 600 டாலர் அளவில் இருந்த நடுத்தர கராண்ட் இன்று ஆயிரம் டாலரைச் சுற்றி நிற்கிறது.

கேள்வி: நம் நாட்டுக் காவலர்கள் வைத்திருந்த .303 துப்பாக்கிகளுக்கும் அங்கே மதிப்பு உண்டா? இங்கே வாங்க முடியுமா?
– திருநெல்வேலி வாசகர்

மதிப்பு உண்டு. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆயுதச் சாலையில் செய்யப்பட்ட, .303 அளவுள்ள லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளும், 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பிறகு 7.62 மி.மீ. தோட்டாவுக்காக அங்கே உருவான 2ஏ1 வகையும் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு நன்கு தெரிந்தவை. இந்தியாவில் .303 தடை செய்யப்பட்ட குழல் அளவைச் சேர்ந்தது. பொதுமக்கள் வாங்க முடியாது. அனுமதிக்கப்பட்ட அளவுகளிலும், ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் பொதுவாக வைத்திருக்க இயலாது.

கேள்வி: இது நல்ல முதலீடா?
– சென்னை வாசகர்

இல்லை என்பதே என் கருத்து. நூறு டாலர் பதினைந்து ஆண்டுகளில் நானூறு ஆனது பெரிதாகத் தோன்றலாம். ஆனால் 2010இன் தொடக்கத்திலிருந்து 2025இன் தொடக்கம் வரை அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. அதற்குப் பூட்டிய இரும்பு அலமாரியும் வேண்டாம், ஏல நிறுவனத்துக்குத் தரகும் வேண்டாம். இன்று இந்தத் துறையில் பெரும் சேகரிப்பு வைத்திருப்பவர்களில் பலர் முதியவர்கள். அவர்களுக்குப் பின் வாரிசுகள் மொத்தமாக விற்கும்போது எந்த வகையின் விலை எப்படிப் போகும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

எனக்கு வருத்தம் தருவது வேறு ஒன்று. ஒரு ஆலைத் தொழிலாளியோ பள்ளி ஆசிரியரோ ஒரு வாரச் சேமிப்பில் வரலாற்றைக் கையில் எடுத்துப் படிக்க முடிந்த துறை இது. முதலீட்டாளர்கள் நுழைந்த பின் அவர்கள்தான் முதலில் வெளியேற நேர்கிறது.

கேள்வி: என் அமெரிக்க மாமனார் ஒரு பழைய மோசினைக் கொடுத்திருக்கிறார். கட்டையைத் தேய்த்து வார்னிஷ் பூசலாமா?
– நியூ ஜெர்சி வாசகி

வேண்டாம். மரத்தில் பொறித்த ஆய்வு முத்திரைகள் உப்புத்தாளின் ஒரு தேய்ப்பில் போய்விடும். 1950களிலும் 60களிலும் வேட்டைக்காக நல்ல துப்பாக்கிகளை வெட்டிச் சிறிதாக்கியவர்களால்தான் முழுமையானவை இன்று அரிதாகியுள்ளன. காஸ்மோலின் ஒட்டியிருந்தால் சூடுபடுத்தி இளக்கித் துணியால் துடையுங்கள். உங்கள் மாநிலச் சட்டப்படி அது உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதையும், சுடுமுன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிப் பாதுகாப்பானதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய சோவியத் தோட்டாக்களின் அடியில் உள்ள பற்றவைக்கும் மருந்து எரிந்த பிறகு குழலில் உப்பு படியும். அது ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். உப்பை எண்ணெய் கரைக்காது. எனவே சுட்ட அன்றே குழலை முதலில் வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் இடுங்கள்.