கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்

கேள்வி: ஐயா, ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 2003-ஆம் வருட மாருதி 800 வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக ரிவர்ஸ் கியர் போட்டால் ‘கர்ர்’ என்று கத்துகிறது. சிக்னலில் நின்றால் முதல் கியர் விழ மாட்டேன் என்கிறது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். வண்டியைக் கொடுத்துவிடலாமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: கொடுக்க வேண்டாம் சார். கியர்பாக்ஸையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். நாளைக் காலையில் வாசலில் வைத்தே ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று முரண்டு பிடித்தால் நியூட்ரலுக்கு வந்து, வண்டியை அரை அடி தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். பல்லுக்கு நேரே பல் நின்றுவிட்டால் புது வண்டியிலும் அப்படித்தான் இருக்கும்.

எல்லாக் கியரும் சுலபமாக விழுகிறதா? சரி, இப்போது எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது விழுந்த கியர் இப்போது விழவில்லை என்றால், கியர்பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் மிதித்தும் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. எஞ்சினின் சுழற்சி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் ரிவர்ஸ் முதலில் கத்துகிறது. முன்னோக்கிப் போகும் கியர்களுக்கு வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் உண்டு, இந்த வண்டியின் ரிவர்ஸுக்குக் கிடையாது. கிளட்சை மிதித்து, மூன்று எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் கத்தினால் குறை கிளட்சில்தான், சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் கிளட்ச் பெடலைக் கையால் அழுத்துங்கள். கனம் தட்டுவதற்கு முன் 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை லேசாக இறங்க வேண்டும். உங்கள் வண்டியில் அதைவிட வெகுதூரம் தொளதொளவென்று போகும் என்று நினைக்கிறேன். பெடலையும் கிளட்சையும் இணைக்கும் கேபிள் நீண்டிருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முடியும் இடத்தில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் சரியாகிவிடலாம்.

ஆனால் இறுக்கும் முன் டார்ச் அடித்து, பெடலில் கேபிள் மாட்டியிருக்கும் நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வேலை பழகிய பட்டறையில், உங்களைப் போல ஒரு வாத்தியாரின் காரில் இதே குறைக்குக் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் செட் முழுவதையும் மாற்றினோம். திரும்ப மாட்டியும் ரிவர்ஸ் கத்தியது. கடைசியில் பெடலுக்கடியில் தலையை விட்டுப் பார்த்தால், கேபிளின் இழைகள் பழைய விளக்குமாறு போலப் பிரிந்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சில நூறு ரூபாய் சாமானுக்கு அவரை ஒரு மாதச் சம்பளம் செலவழிக்க வைத்துவிட்டோமே என்று எனக்கு இன்றும் வலிக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எஞ்சின் அணைந்திருக்கும்போதே கியர் விழவில்லை, லிவரும் கஞ்சிக் கரண்டி போல ஆடுகிறது என்றால் மட்டும் வேறு கதை. லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள கம்பியின் புஷ்கள் (கம்பி ஆடாமல் பிடிக்கும் சிறு வளையங்கள்) தேய்ந்திருக்கும். அதையும் கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றலாம்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது எஞ்சின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. கருகல் வாடையும் வருகிறது. என்னுடையதும் மாருதி 800தான். – வாசகி, கோத்தகிரி

பதில்: கிளட்ச் வழுக்குகிறது அம்மா. சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, முன்னால் ஆள் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிடிப்பு போய்விட்டது. ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற கிளட்ச் பிளேட்டும் கருகிவிடும்.

உடனே செலவுக்குப் போகாதீர்கள். திருநெல்வேலி சாருக்குச் சொன்ன லேசான இறக்கம் உங்கள் பெடலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிளேட் தேயத் தேய அது தானாகக் குறையும். யாராவது கேபிளை அதிகமாக இறுக்கியிருந்தாலும் போய்விடும். அப்போது நீங்கள் காலை எடுத்தாலும் கிளட்ச் பாதி மிதித்தபடியே இருக்கும். நட்டைத் தளர்த்தியும் வழுக்கினால் பிளேட் தேய்ந்துவிட்டது. மாற்றும்போது பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், மிதிக்கும்போது அந்தப் பிடியைத் தளர்த்தும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்; பேரிங்கை மட்டும் மிச்சம் பிடித்தால் அது கத்தும்போது மறுபடி இறக்கக் கூலி கொடுக்க வேண்டிவரும். கொண்டை ஊசி வளைவில் கிளட்சைப் பாதி மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

கேள்வி: மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு வரும்போது மட்டும் கரகரக்கிறது. மற்ற எல்லாம் நன்றாக விழுகிறது. – வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒரே ஒரு கியர் மட்டும் என்பதால் கிளட்ச் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டாவது கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். இதற்குக் கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் இன்றைக்கே அல்ல. முதலில் கியர் ஆயிலின் அளவைப் பார்த்து, பழையதாக இருந்தால் மாற்றுங்கள். வேகத்தை நன்றாகக் குறைத்த பிறகு, நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தி, நிதானமாக இரண்டாவதற்கு வாருங்கள். அப்படியும் கரகரத்தாலோ, போட்ட கியர் தானாக வெளியே வந்தாலோ பிரிக்கச் சொல்லிவிடுங்கள்.