பிரீமியம் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஐந்து வருடம் ஓடிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். டர்போ கிடையாது. ஆபீஸ் போய்வர, விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் போக, அவ்வளவுதான் பயன்பாடு. பங்கில் ஒவ்வொரு தடவையும் "பிரீமியம் போடட்டுமா சார், மைலேஜ் நல்லா வரும்" என்கிறார்கள். எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும் என்கிறார் மச்சான். ஆறு மாதமாக அதையேதான் போட்டு வருகிறேன். வித்தியாசம் தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. இந்தச் செலவு தேவைதானா? திரும்பவும் சாதா பெட்ரோலுக்கு மாறினால் எஞ்சினுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: உங்கள் கார் சாதா பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டதாக இருந்தால் தேவையில்லை. மாறினாலும் ஒன்றும் ஆகாது. அதற்காகப் பிரீமியம் என்பதே ஏமாற்று வேலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது தேவைப்படுகிற எஞ்சின்களும் இருக்கின்றன. உங்களுடையது அந்த வகையா என்பதைப் பங்கில் நிற்கும் பையனோ மச்சானோ சொல்ல வேண்டியதில்லை, காரே சொல்லும். பெட்ரோல் டேங்க்கின் வெளிக்கதவைத் திறந்து அதன் உட்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால் காரோடு தந்த கையேட்டில் எரிபொருள் பற்றிய பக்கத்தில் இருக்கும். 91, 95 என்று ஏதோ ஓர் எண் போட்டிருப்பார்கள். அதுதான் உங்கள் எஞ்சினுக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆக்டேன்.

இந்த ஆக்டேன் எண்ணைப் பெட்ரோலின் 'பவர்' என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. 95 போட்டால் 91ஐவிட வேகமாக எரியும், அதிக சக்தி தரும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அமுக்குகிறது. அமுக்க அமுக்கச் சூடு ஏறும். பிளக் பொறி விட்டதும் தீ அந்த இடத்திலிருந்து கிளம்பி ஒழுங்காகப் பரவ வேண்டும். அந்தத் தீ வந்து சேர்வதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம் வரும். டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது மேடு வந்து, கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் அழுத்தினால் பழைய கார்களில் இதை நன்றாகவே கேட்கலாம். கடுமையாகத் தொடர்ந்தால் பிஸ்டனே சேதமாகும். இப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வதுதான் ஆக்டேன் எண்.

அதை அளக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். இதற்கென்றே ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சின் ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கம்ப்ரெஷன் ரேஷியோவை, அதாவது கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, ஏற்றி இறக்கலாம். ஐசோ-ஆக்டேன் என்ற பொருளுக்கு 100, லேசில் நாக் ஆகிவிடும் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்திருக்கிறார்கள். 91 சதவீதம் ஐசோ-ஆக்டேனும் 9 சதவீதம் ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவுக்குத் தாங்குகிறதோ, அதே அளவுக்குத் தாங்கும் பெட்ரோலுக்கு 91 என்று பெயர். சோதனை முழுவதிலும் தாங்கும் திறனைத்தான் பார்க்கிறார்கள். லிட்டருக்கு எவ்வளவு சக்தி என்ற பேச்சே அதில் இல்லை.

இதையே இரண்டு முறைகளில் அளப்பார்கள். எஞ்சினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டி அளப்பது ஆர்ஓஎன். 900 சுற்றில், இன்னும் கடினமான நிலைமையில் அளப்பது எம்ஓஎன். இதில் எண் குறைவாக வரும். பெரும்பாலான நாடுகளில் பங்கில் எழுதியிருப்பது முதல் எண். அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டின் சராசரியைப் போடுகிறார்கள். அதனால் அங்கே 87 என்று விற்பதும் மற்ற இடங்களில் 91, 92 என்று விற்பதும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். வெளிநாட்டு வீடியோவில் "87 போதும்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, நம் பங்கில் எல்லாமே உயர்ந்த பெட்ரோல் என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, சக்தி? ஒரு லிட்டர் சாதா பெட்ரோலில் இருப்பதும் ஒரு லிட்டர் உயர் ஆக்டேன் பெட்ரோலில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சில சமயம் உயர் ஆக்டேனில் கொஞ்சம் குறைவாகக்கூட இருக்கும். எத்தனாலைப் பாருங்கள். ஆக்டேனை ஏற்றுவதில் அது கெட்டிக்காரப் பொருள். அதன் ஆர்ஓஎன் 100ஐத் தாண்டும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் கணக்குப் பார்த்தால் பெட்ரோலைவிட அதில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலைக் கலந்து ஆக்டேனை ஏற்றிய பெட்ரோலில் எண் உயர்ந்திருக்கும், மைலேஜ் உயர்ந்திருக்காது.

அப்படியானால் உயர் ஆக்டேனால் யாருக்கு லாபம்? கலவையை அதிகமாக அமுக்குகிற எஞ்சினுக்கு. எவ்வளவு அதிகமாக அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு அதே பெட்ரோலில் கூடுதல் வேலை வாங்க முடியும். கூடவே நாக்கிங் அபாயமும் ஏறும். அந்த அபாயத்தை உயர் ஆக்டேன் தடுக்கிறது. ஆக லாபத்தைத் தருவது எஞ்சினின் வடிவமைப்பு. பெட்ரோல் அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். மஸ்டாவின் ஸ்கைஆக்டிவ்-ஜி எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். 95 ஆர்ஓஎன் எங்கும் கிடைக்கும் ஐரோப்பாவில் 14:1 கம்ப்ரெஷனோடு விற்றார்கள். அமெரிக்காவில் ஜனங்கள் சாதா பெட்ரோல்தான் போடுவார்கள் என்பதால் அதையே 13:1 ஆகக் குறைத்துக் கொடுத்தார்கள். எந்தப் பெட்ரோலுக்கு எந்த எஞ்சின் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிற விஷயம். 13:1 எஞ்சினில் உயர்ந்த பெட்ரோலை ஊற்றினால் அது 14:1 ஆகிவிடாது.

டர்போ எஞ்சின்களும் இந்தக் கணக்கில்தான் வரும். காற்றைத் திணித்து உள்ளே அனுப்புவதால் அழுத்தமும் சூடும் கூடுதல்.

"இப்போதுள்ள எஞ்சின்தான் எந்தப் பெட்ரோலுக்கும் தன்னை மாற்றிக்கொள்ளுமே?" என்று கேட்பீர்கள். பாதி உண்மை. எஞ்சின் பிளாக்கில் நாக் சென்சார் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அது நாக்கிங்கின் அதிர்வைப் பிடித்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்ல, ஈசியூ பிளக் பொறி விடும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். நாக்கிங் நின்றுவிடும், கூடவே கொஞ்சம் சக்தியும் மைலேஜும் போகும். 95 கேட்கிற காரில் 91 போட்டால் நடப்பது இதுதான். உங்கள் விஷயம் அதற்கு நேர் எதிர். 91க்கென்று செய்த எஞ்சின், 91 போட்டாலே பெரும்பாலான நேரம் தன் சரியான நேரத்தில்தான் பொறி விட்டுக்கொண்டிருக்கும். 95 போட்டால் பொறியை இன்னும் முன்கூட்டியே விட அதற்குப் பெரிதாக இடம் இல்லை. கொளுத்தும் வெயிலில், ஆட்களும் லக்கேஜுமாக மலை ஏறும்போது சில எஞ்சின்களில் சின்ன வித்தியாசம் தெரியலாம். ஆபீஸ் ஓட்டத்தில் அதைத் தேட வேண்டாம்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, சாதா பெட்ரோலுக்கென்று செய்த கார்களில் பிரீமியத்தைப் போட்டு 2016இல் சோதித்தது. சக்தி, மைலேஜ், புகை என எதிலும் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. அடுத்த வருடம், பிரீமியம் 'பரிந்துரை' என்று மட்டும் போட்டிருக்கும் கார்களைச் சோதித்தார்கள். மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும் சக்தி 1.4 சதவீதமும் கூடியது. பரிந்துரைக்கப்பட்ட கார்களிலேயே அவ்வளவுதான்.

ஸ்டிக்கரில் இருக்கும் சொல்லையும் கவனியுங்கள் என்பது இதற்காகத்தான். 'கட்டாயம்' என்று இருந்தால் பேச்சே இல்லை, போட்டே ஆக வேண்டும். அதில் மிச்சம் பிடிப்பது ஆபத்து. 'பரிந்துரை' என்று இருந்தால் கணக்குப் பார்த்து முடிவெடுக்கலாம். ஒன்றும் இல்லாமல் 91 என்று மட்டும் இருந்தால் 91 போதும்.

அந்தக் கணக்கும் சுலபம். பிரீமியம் எத்தனை சதவீதம் விலை அதிகமோ, மைலேஜும் அத்தனை சதவீதம் கூடினால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். விலை 10 சதவீதம் அதிகம், உங்கள் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது என்றால், பிரீமியத்தில் அது 16.5 தர வேண்டும். 15.5 வந்தால்கூட உங்களுக்கு நஷ்டம்தான், "மைலேஜ் கூடியது" என்பது உண்மையாகவே இருந்தாலும். பங்கில் இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல மாட்டார்கள்.

உங்களுக்கு வித்தியாசம் தெரிகிற மாதிரி இருப்பதற்கு என் பதில்: டேஷ்போர்டில் காட்டும் மைலேஜை வைத்துப் பார்க்காதீர்கள், டேங்க்கை நிரப்பி அளந்து பாருங்கள். ஒரே பங்கு, ஒரே பம்ப், நாசில் தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். ரவுண்டாக வரட்டும் என்று மேலே ஊற்றினால் கணக்கு போச்சு. அடுத்த முறை அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். ஒவ்வொரு பெட்ரோலிலும் குறைந்தது மூன்று டேங்க் பார்த்தால்தான் நம்பலாம். டிராஃபிக், ஏசி, காலின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து டேங்க்குக்கு டேங்க் ஐந்து சதவீதம்கூட ஆட்டும். காசு அதிகம் கொடுத்து நிரப்பிய வாரத்தில் கால் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!

இதுவரை ஆக்டேன் கதை. மச்சான் சொன்ன 'எஞ்சின் உழைக்கும்' என்பது வேறு கதை, அதில் கொஞ்சம் சத்து உண்டு. பிரீமியம் என்ற பெயரில் விற்பதெல்லாம் உயர் ஆக்டேன் அல்ல. சிலவற்றில் ஆக்டேன் சாதாவில் உள்ளதேதான். எஞ்சினைச் சுத்தமாக வைக்கும் டிடர்ஜென்ட் சேர்மானம் மட்டும் கூடுதலாக இருக்கும். வேறு சிலவற்றில் இரண்டும் இருக்கும். எனவே அடுத்த முறை பங்கில் கேட்க வேண்டியது: "இதில் ஆக்டேன் எவ்வளவு?" பம்பிலேயே ஒட்டியிருக்கலாம்.

இந்தச் சேர்மானம் பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டரின் முனையிலும், சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வின் பின்பக்கத்திலும் கரி படியாமல் பார்த்துக்கொள்கிறது. சுத்தமாக இருக்கும் எஞ்சினின் மைலேஜை அது ஏற்றாது. கரி பிடித்து மந்தமான எஞ்சினில் போன மைலேஜை ஓரளவு மீட்டுத்தரலாம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்ரோல் வால்வுக்கு முன்னால், காற்று வரும் வழியான போர்ட்டில் தெளிக்கப்படும் எஞ்சினில்தான் வால்வு கழுவப்படும். டைரக்ட் இஞ்செக்ஷனில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போகிறது, வால்வைத் தொடுவதே இல்லை. எவ்வளவு உயர்ந்த டிடர்ஜென்ட் இருந்தாலும் அந்த வால்வில் படியும் கரியை அது தொடாது. இஞ்செக்டருக்கு மட்டுமே பயன். உங்கள் காருடையது போர்ட் இஞ்செக்ஷனாக இருந்தால் எப்போதாவது ஒரு டேங்க் டிடர்ஜென்ட் உள்ள பெட்ரோல் போடுவதை நான் தப்பு சொல்ல மாட்டேன். மாதாமாதம் போடுவதற்கு அது காரணம் ஆகாது. பல நாடுகளில் சாதா பெட்ரோலிலேயே டிடர்ஜென்ட் உண்டு. அமெரிக்காவில் 1995இலிருந்து அது சட்டப்படி கட்டாயம்.

அந்தக் காசை எங்காவது செலவழித்தே தீர வேண்டும் என்றால் ஏர் ஃபில்டர், பிளக், சரியான கிரேடு ஆயில் ஆகியவற்றில் போடுங்கள். டயர் காற்றுக்குக் காசுகூட வேண்டாம்: அழுத்தம் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறையும்போதும் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. பத்து பிஎஸ்ஐ குறைவாக ஓட்டுகிற ஆட்கள் பிரீமியம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, சாதாவுக்குத் திரும்புவது. அதற்கென்று எந்த முறையும் கிடையாது. டேங்க்கைக் காலி செய்ய வேண்டாம், படிப்படியாகக் குறைக்கவும் வேண்டாம். பாதி டேங்க் 95 இருக்கும்போது பாதி 91 ஊற்றினால் உள்ளே ஏறத்தாழ 93 இருக்கும், அவ்வளவுதான். பிரீமியத்துக்கு எஞ்சின் 'பழகிவிடும்' என்பது கட்டுக்கதை. ஆனால் மாறிய பிறகு மேடேறும்போது அந்த நாக்கிங் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால், பிரீமியத்துக்கே திரும்பி ஓடிவிடாதீர்கள். ஐந்து வருட எஞ்சினில் சிலிண்டருக்குள் கரி சேர்ந்திருக்கலாம், பிளக் வேறு ரகமாக இருக்கலாம், எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகலாம், நாக் சென்சாரே போயிருக்கலாம். உயர் ஆக்டேன் அந்தச் சத்தத்தை அமுக்குமே தவிர கோளாறைச் சரிசெய்யாது. மெக்கானிக்கிடம் "எந்த கியரில், எந்த வேகத்தில், எஞ்சின் சூடான பிறகா முன்பா" என்று குறித்துக்கொண்டு போய்ச் சொன்னால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.