கேளுங்க சொல்றேன்: ஜன்னலும் சாவியும் பாடுன மேடை

கேள்வி: அக்கா, ஐரோப்பா நாடுங்க பாட்டுல மோதற யூரோவிஷன் போட்டி வீடியோ பாத்துப் பாத்து பைத்தியமாயிட்டேன். ஸ்பானிஷ் பேசற நாடுங்களுக்கும் இதே மாதிரி ஒரு பாட்டுப் போட்டி இருந்துச்சாமே, நிஜமா? (கல்லூரி மாணவி, ஃபேர்லேண்ட்ஸ்)

நிஜந்தான் கண்ணு. ஓ.டி.ஐ. பாட்டு விழான்னு பேரு. ஸ்பெயின், போர்ச்சுகல், லத்தீன் அமெரிக்கா டிவிக்காரங்க எல்லாம் ஒரு சங்கம் வெச்சிருந்தாங்க, அந்த சங்கத்து பேரோட சுருக்கந்தான் ஓ.டி.ஐ., அவங்க நடத்துனது. 1972 நவம்பர்ல மாட்ரிட்ல ஆரம்பிச்சு 2000-ல மெக்சிகோவோட அகாபுல்கோல முடிஞ்சிருச்சு. நாட்டுக்கு ஒரு புதுப் பாட்டு, பின்னாடி ஆர்கெஸ்ட்ரா, அவ்ளோதான். மொத வருஷமே ஸ்பானிஷ் பேசாத பிரேசில் ஜெயிச்சிருச்சு, சரின்னு அடுத்த வருஷம் பிரேசில்லயே வெச்சாங்க, அங்க போயி மெக்சிகோ தட்டிட்டு வந்திருச்சு!

கேள்வி: பிரேசில்னா எங்களுக்கு காப்பி ரேட்டுதாங்க ஞாபகம் வரும். அவங்க பாஷை வேறயாச்சே, ஒரே மேடையில எப்படி? (எஸ்டேட் கணக்குப்பிள்ளை, ஏற்காடு)

அவங்களுது போர்ச்சுகீஸுங்க. போட்டி ரெண்டு பாஷைக்கும் பொதுவானதுதான். நீங்க உக்காந்து கணக்கு எழுதற ரூமையே ஒரு சுத்து பாருங்க, மேசை, அலமாரி, ஜன்னல், சாவி, நாலும் போர்ச்சுகீஸ்காரங்க நம்மகிட்ட விட்டுட்டுப் போன வார்த்தைதான். இதுல மேசை ஸ்பானிஷ்லயும் மேசாதான், சாவி கொஞ்சம் மாறி யாவே ஆயிரும், ஜன்னலுக்கு மட்டும் வென்தானான்னு சம்பந்தமே இல்லாம ஒண்ணு சொல்லுவாங்க. அதனால பாதி புரியும், பாதிக்கு முழிக்கணும், நம்மாளு பாலக்காட்டுல போயி டீக்கடையில நிக்கற மாதிரி. பிரேசில்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, 1978-ல டெனிஸ் டி கலாஃபேங்கறவங்க ஸ்பானிஷ்லயே பாடி ஜெயிச்சாங்க, 1983-ல வாஷிங்டன்ல ஜெஸ்ஸேங்கறவரு போர்ச்சுகீஸ்ல பாடி ஜெயிச்சாரு (ஆமா, அமெரிக்காவும் இதுல உண்டு, அங்க ஸ்பானிஷ் சேனல் இருக்குல்ல). காப்பி ரேட்டுன்னீங்களே, 1975 ஜூலைல பிரேசில்ல உறைபனி விழுந்து செடியெல்லாம் கருகி உலகம் பூரா வெல ஏறுச்சு பாருங்க, அந்தக் கதைய உங்க எஸ்டேட் பெரியவங்ககிட்ட கேளுங்க, பாட்டை விட ராகமா சொல்லுவாங்க.

கேள்வி: எல்லாம் லவ் பாட்டுதானா அக்கா? (தறிக்காரர், அம்மாபேட்டை)

முக்காவாசி அதான் தம்பி, பொய் சொல்லக்கூடாது. ஆனா 1977-ல நிகராகுவா கொண்டு வந்த பாட்டு வேற ரகம். அந்த நாட்டுத் தலைநகர் மனாகுவாவுல இருந்த ஏழைப் பையன் ஒருத்தனப் பத்தினது, பேரு கிஞ்சோ பாரிலெத்தே, பாரிலெத்தேன்னா நம்ம காத்தாடி. எழுதுனவரு கார்லோஸ் மெஹியா கோதோய். சோமோசா குடும்பம் நாட்டையே கையில வெச்சிருந்த நேரம் அது, அப்ப மாட்ரிட் மேடையில ஏறி ஒரு குப்பத்துப் பையன் கதைய பாடி ஜெயிச்சுட்டு வர்றதுன்னா சும்மாவா. இன்னொண்ணு 1985. செப்டம்பர் 19 மெக்சிகோல அந்த பெரிய பூகம்பம், ஊரே இடிஞ்சு கெடக்கு, ரெண்டே நாள்ல, 21-ந் தேதி, ஸ்பெயின்ல செவில் ஊருல போட்டி. மெக்சிகோவுக்காக எவ்கேனியா லியோன் பாடுனாங்க, ஜெயிச்சாங்க. இடிபாட்டுல ஆளுங்கள தேடிட்டு இருக்கற நேரத்துல தூர தேசத்துல நின்னு எப்படித்தான் குரல் வந்துச்சோ, எனக்கெல்லாம் தொண்டையே அடைச்சிருக்கும்.

கேள்வி: இவ்ளோ நல்லா இருந்தத ஏன் நிறுத்துனாங்க? (இல்லத்தரசி, சூரமங்கலம்)

ஒரே காரணம்னு சொல்ல முடியாதுங்க, ஆனா எம்மனசுல இருக்கறத சொல்லிடறேன். ஆரம்பத்துல ஒவ்வொரு நாட்டு ஜூரியும் போன்ல மார்க் சொல்லுவாங்க, பலகையில நம்பர் ஏறும், வீட்ல உக்காந்திருக்கறவங்க நகத்தைக் கடிப்பாங்க. பின்னால அத விட்டுட்டு ஜூரி தனியா கூடிப் பேசி மொத மூணு இடத்தை மட்டும் அறிவிக்கற மாதிரி ஆக்கிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, பாட்டு முடிஞ்சப்பறம் நடக்கற அந்த கூட்டல் கழித்தல்தானே பாதி ஷோ. நானே ஒருக்கா நம்மூரு பாட்டுப் போட்டி ஒண்ணுல நடுவரா உக்காந்தேன், மார்க் போட எங்க மூணு பேரையும் ஸ்டோர் ரூம்ல வெச்சு கதவை சாத்திட்டாங்க, ஒடஞ்ச நாற்காலி மேல பேப்பரை வெச்சு கூட்டிட்டு இருக்கோம், வெளிய வந்து பாத்தா ஹால்ல பாதி பேரு இல்ல, எல்லாரும் எதுத்தாப்ல தட்டுவடை செட்டு சாப்பிட்டுட்டு நிக்கறாங்க. ஜெயிச்ச பொண்ணே வாயில கேரட் துருவலோட ஓடி வந்து கப் வாங்குச்சு.

கேள்வி: தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நாலுக்கும் சேத்து இப்படி ஒண்ணு நம்ம பக்கம் வெக்கலாமா அக்கா? (பிளஸ் டூ மாணவன், கொண்டலாம்பட்டி)

தாராளமா, மே மாசம் ஏற்காடு கோடை விழாவுல வெச்சிரலாம். வாத்தியக்காரங்க 20 கொண்டை ஊசி வளைவும் வாந்தி எடுக்காம ஏறி வரணும், அது அவங்க பாடு. என்னைய நடுவரா கூப்பிட்டா மட்டும் மார்க்கை மைக்ல சொல்லிட்டுதான் போடுவேன்.