முழங்கை வலிக்கும் இளம் பிட்சர்: எந்தப் பயிற்சியாளர் சொல்வது சரி?

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். என் 13 வயது மகன் பேஸ்பால் அணியில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். வலது கை ஆட்டக்காரன். ‘நிமிர்ந்து நின்று, உடல் எடையை முன்னால் விழவிட்டு வீசு’ என்கிறார் பள்ளிப் பயிற்சியாளர். வார இறுதியில் கற்றுத்தரும் தனிப் பயிற்சியாளரோ, ‘பின்னங்காலை நன்றாக மடக்கி, தரையை உந்தித் தள்ளு’ என்கிறார். கை பின்னால் போகும்போது முழங்கை தோளுக்கு மேலே எழும்பினால் ஆபத்து என்று இணையத்தில் பல காணொளிகள் சொல்கின்றன. இரண்டு மாதங்களாக ஆட்டம் முடிந்ததும் முழங்கையின் உள்பக்கம் வலிப்பதாகச் சொல்கிறான், மறுநாள் சரியாகிவிடுகிறது. கிரிக்கெட் ஆடிய என் கணவர் ‘பழகினால் போய்விடும்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் வலியைப் பற்றிப் பேசிவிடுவோம். 13 வயதுப் பையனுக்குப் பந்து வீசியபின் முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்றால், வீசுவதை இன்றே நிறுத்த வேண்டும். மறுநாள் வலி இல்லை என்பதை வைத்துக் காயம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வலி மாத்திரை கொடுத்து அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பவே கூடாது.

இந்த வயதில் முழங்கையின் உள்பக்கத்தில் இருக்கும் எலும்பு முனை, கை எலும்போடு இன்னும் முழுமையாக ஒட்டியிருக்காது. இரண்டுக்கும் நடுவே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. பெரும்பாலான பையன்களுக்கு 15 வயதுக்கு மேல்தான் அது எலும்பாக இறுகும். முன்கையின் வலுவான தசைகளும், எலும்புகளை இணைக்கும் உள்பக்கத் தசைநாரும் (லிகமென்ட்) அந்த முனையைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. ஒவ்வொரு வீச்சிலும் அதை இழுக்கின்றன. இந்த இழுவையால் வளர்ந்தவர்களுக்குக் கிழிவது பெரும்பாலும் தசைநார். சிறுவர்களுக்கோ அதற்கு முன்பே வளர்ச்சித் தட்டு பாதிக்கப்படுகிறது. ‘லிட்டில் லீக் எல்போ’ என்று அமெரிக்காவில் இதற்குப் பெயர்.

முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே தெரிய நீட்டச் சொல்லுங்கள். அழுத்தும்போது முகம் சுளித்தாலோ, வலது கை இடது கையளவு நேராகவில்லை என்றாலோ, இந்த வாரமே குழந்தைகள் எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டாலும் இரண்டு மாத வலிக்குப் பரிசோதனை தேவைதான். இரு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவது, முழங்கை அசையாமல் பூட்டிக்கொள்வது ஆகியவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள். வீசும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டு வலி வெட்டினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலும்பு முனை பிய்ந்திருக்கலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பயிற்சியாளர்களும் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. பேஸ்பாலில் இவை இரண்டு பழைய மரபுகள். பின்னங்காலை மடக்கி உந்தும் முறைக்குப் பெயர்பெற்றவர் அமெரிக்க பிட்சர் டாம் சீவர். வீசி முடிக்கும்போது அவருடைய வலது முழங்கால் தரையை உரசி, கால்சட்டையில் மண் ஒட்டியிருக்கும். அப்படி வீசியே 311 வெற்றிகள் பெற்றார். நிமிர்ந்து நின்று, பிட்சர் நிற்கும் மேட்டின் சரிவில் உடலை விழவிட்டு வீசும் முறையிலும் பெரிய ஆட்டக்காரர்கள் உருவாகியிருக்கிறார்கள். இந்த இரண்டில் ஒன்று கையைக் காக்கும், மற்றொன்று கெடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வாரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கால், இடுப்பு, உடல், தோள், முழங்கை என்று விசை வரிசையாக ஏறிவர வேண்டிய வேலை இது. அந்த வரிசையின் நேரம் தப்பினால், குறைகிற விசையை ஈடுகட்டுவது கைதான்.

காணொளிகள் சொல்லும் முழங்கை விஷயம், முழங்கைகள் மேலே எழும்பி முன்கைகள் கீழே தொங்கும் வடிவத்தால், ‘தலைகீழ் டபிள்யூ’ என்று பெயர் பெற்றது. இளம் பிட்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2010 ஜூனில் பெரும் ஆரவாரத்தோடு அறிமுகமாகி, அதே ஆண்டு செப்டம்பரில் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனபோது, அவர் கைகள் அந்த வடிவில் நிற்கும் படங்கள் எங்கும் பரவின. ஆனால் தொழில்முறை பிட்சர்களைப் பற்றி 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த வடிவத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது வேறொன்றோடு: முன்னங்கால் தரையில் பதிவதற்கு முன்பே மேலுடல் திரும்பிவிடுவது. நின்றுபோன ஒரு படத்தில் இது தெரியாது. நீங்கள் செல்போனில் பிடிக்கலாம். மூன்றாவது பேஸ் பக்கம் (வீசத் தொடங்கும்போது வலது கை பிட்சரின் மார்பு பார்க்கும் பக்கம்) நின்று, மெதுவோட்டத்தில் பதிவு செய்யுங்கள். முன்னங்கால் பதியும் நொடியில் உங்கள் மகனுடைய சட்டையின் மார்பு எழுத்துகள் பெரும்பாலும் உங்கள் பக்கமே தெரிய வேண்டும். அதற்குள் அவை பேட்டர் பக்கம் போய்விட்டால், உடல் முந்திவிட்டது, கை பின்தங்கி இழுபடுகிறது என்று அர்த்தம். இரு பயிற்சியாளர்களிடமும் இந்தப் பதிவைக் காட்டுங்கள். இதைச் சரிசெய்வதில் அவர்களுக்குள் சண்டை வராது.

பள்ளிப் பயிற்சியாளரின் ‘நிமிர்ந்து நில்’ என்பதில் ஓர் அம்சத்தை மட்டும் நான் ஆதரிக்கிறேன். வேகத்துக்காகத் தலையையும் உடலையும் இடது பக்கம் அதிகமாகச் சாய்க்கும் பழக்கம் பையன்களிடம் பரவியிருக்கிறது. சாய்ந்தால் வேகம் சற்றுக் கூடுவது உண்மை. அதோடு முழங்கை மீதும் தோள் மீதும் விழும் சுமையும் கூடுகிறது. 13 வயதில் அந்த வியாபாரம் வேண்டாம்.

வீசும் முறையை மாற்றினாலே காயமே வராது என்று வாதிட்டவரும் உண்டு. மைக் மார்ஷல் 1974இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக ஒரே பருவத்தில் 106 ஆட்டங்களில் பந்து வீசியவர். பின்னர் உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டமும் பெற்றார். மரபான வீச்சு முறையே காயத்துக்குக் காரணம் என்று சொல்லித் தனி முறையைக் கற்பித்தார். பெரிய அணிகள் அதை ஏற்கவில்லை. அதே 1974இல் அதே அணியின் டாமி ஜானுக்கு முழங்கைத் தசைநார் கிழிந்தது. செப்டம்பர் 25ஆம் தேதி டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவருடைய மறு கையிலிருந்து தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எடுத்துப் புதிய தசைநார் அமைத்தார். இன்று அந்த அறுவை சிகிச்சைக்கே டாமி ஜான் பெயர்தான்.

எந்த முறையில் வீசினாலும் தசைநார் ஏன் இவ்வளவு தவிக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வளர்ந்த பிட்சர் வேகப்பந்து வீசும்போது முழங்கையின் உள்பக்கத்தைப் பிளக்கப் பார்க்கும் முறுக்குவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். தசைநார் தனியாக நின்றால் அதில் ஏறத்தாழப் பாதியிலேயே கிழிந்துவிடும். மீதியைத் தாங்குவது முன்கைத் தசைகள். தசை களைத்தால் சுமை முழுக்கத் தசைநாருக்குப் போகிறது. உங்கள் மகன் வயதில் வளர்ச்சித் தட்டுக்கும் போகிறது. அதனால்தான் நான் வீச்சு முறையைவிட எண்ணிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறேன். கை களைத்த நிலையில் அடிக்கடி வீசிய இளம் பிட்சர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 36 மடங்கு என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. வீச்சு முறை பற்றிய எந்தச் சர்ச்சையிலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல்படி 13, 14 வயதில் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 95 வீச்சுகள். 66 வீச்சுகளோ அதற்கு மேலோ போனால் நான்கு நாள் ஓய்வு. உங்கள் வீட்டில் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பள்ளிப் பயிற்சியாளர் தம் ஆட்டத்தின் வீச்சுகளை எண்ணுகிறார். தனிப் பயிற்சியாளர் வார இறுதியில் வீச வைப்பதை அவர் அறியமாட்டார். இரண்டையும் கூட்டி ஒரே தாளில் எழுதுவது பெற்றோராகிய உங்கள் வேலை.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டி வீச விதி இடம் தருவதில்லை. அதனால் வேகப்பந்து வீச்சாளர்களின் பெரும் காயம் இடுப்புக்கு மேலுள்ள முதுகெலும்பில் வருகிறது. பேஸ்பாலில் மடங்கிய முழங்கை சாட்டையாக வீசப்படுகிறது. கிரிக்கெட்டில் அவர் கற்ற பொறுமை நல்லது, ஆனால் இந்த முழங்கைக்கு அது பொருந்தாது.

வளர்ச்சித் தட்டுக் காயம் உறுதியானால், வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் வீச்சே கூடாது. பிறகு குறைந்த தூரத்தில், குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகிறார்கள். அந்த வாரங்களில் கால், இடுப்பு, தோள்பட்டைத் தசைகளுக்கான பயிற்சியை மருத்துவர் சொன்னபடி செய்யட்டும். திரும்பி வந்ததும் ஒரே பயிற்சியாளரின் முறையைத் தேர்ந்தெடுங்கள். எடை கூட்டிய பந்துகளை வைத்துப் பயிற்சி வேண்டாம். பந்து வீசிய அதே நாளில் கேட்சராகவும் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவராகவும்) நிற்கச் சொன்னால், மறுத்துவிடுங்கள்.